பதினேழாம் எண், காலி

மேலூரணி நகராட்சியின் பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி எடுத்த ஹார்டு டிஸ்கை ஒரு செவ்வாய்க்கிழமை காலை தமயந்தி புது மெஷினுக்குள் பொருத்தி ஓடவைத்தாள். அது ஓடத் தொடங்கிய பத்தேகால் மணிக்கு, பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட ஓடைத் தெரு, தன் தலைமேல் கட்டியிருந்த புதுப் பஸ் ஸ்டாண்டுக்கு நடுவில் திரும்பி வந்து நின்றது. ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்த மதுரை வண்டி யார் வீட்டு அடுப்படியிலோ முட்டி நிற்க, டிரைவர் இறங்கி வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, "செங்கல்லுதான்" என்று சொல்லிவிட்டு, டைம் கீப்பரிடம் எழுதிக் கொடுக்கப் போனார். அன்றைக்கு ஊரில் அதிகம் பேசப்பட்டது அந்த வண்டி இருபது நிமிஷம் தாமதமாகக் கிளம்பியதைப் பற்றித்தான்.

தெரு வந்தது ஒரு நொடியில். டிஸ்கை ஓடவைக்கத்தான் நாற்பது நாள் ஆயிற்று. இடிபட்ட ஓடைத் தெருக்காரர்கள் போட்டிருந்த வழக்கில், 1996 கணக்கெடுப்பில் யார் யார் பெயர் இருக்கிறதோ அவர்களுக்கெல்லாம் ஒன்றரை சென்ட் மாற்று இடம் கொடுக்க வேண்டும், பட்டியலை மூன்று மாதத்துக்குள் கொண்டு வர வேண்டும் என்று கோர்ட்டு சொல்லியிருந்தது. காகிதத்தில் இருந்த பட்டியலைக் கரையான் தின்று ஏப்பம் விட்டு வருஷக்கணக்காகிறது. மிஞ்சியது ரிக்கார்டு ரூமில் உடைந்த நாற்காலிகளுக்கு அடியில் கிடந்த அந்த ஒரு டிஸ்க்தான். அதற்குப் பின்பக்கம் நாற்பது ஊசி, உள்ளங்கை அகலத்துக்குப் பட்டை ஒயர். புது மெஷினிலோ சுண்டுவிரல் அகலத்துக்கு மேல் எதையும் சொருக வழி கிடையாது. மதுரைக்கு மூன்று தடவை பஸ் ஏறி, பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ஒரு மாடிக் கடையில் குப்பைக் கூடையைக் கவிழ்த்துக் கிளறி, இரண்டுக்கும் நடுவில் நின்று பேசுகிற மாதிரி ஒரு கார்டைக் கண்டுபிடித்தாள் தமயந்தி. அதைப் போட்ட பிறகும் புது மெஷின் பழைய டிஸ்கைக் கண்டும் காணாத மாதிரியே இருந்தது.

டிஸ்கின் முதுகில், ஊசிகளுக்குப் பக்கத்தில், அரிசி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் தொப்பி உண்டு. அதை ஒரு ஜோடி ஊசியில் மாட்டினால் டிஸ்க் மாஸ்டர், பக்கத்து ஜோடியில் மாட்டினால் ஸ்லேவ். பழைய மெஷினில் அது மாஸ்டராக இருந்து பழகியது. தமயந்தி புருவம் பிடுங்குகிற இடுக்கியால் தொப்பியைப் பிடுங்கி ஸ்லேவ் பக்கம் மாட்டியதும் புது மெஷின் மறுபேச்சில்லாமல் அதை உள்ளே சேர்த்துக்கொண்டது.

"பாத்தியாம்மா தமயந்தி," என்றார் மேனேஜர் அம்பலவாணன், ஆபீஸ் முழுவதற்கும் கேட்கிற மாதிரி. "அடிமைன்னு ஒத்துக்கிட்டாத்தான் உள்ள விடுது. மிஷினுக்கே ஆபீஸ் நடைமுறை தெரிஞ்சிருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். பதினெட்டு வருஷமாக ஒப்பந்தக் கூலியில் அங்கே டைப் அடித்துக்கொண்டிருந்த தமயந்தியும் சிரித்தாள். அவளை நிரந்தரமாக்கும் உத்தரவு கையெழுத்துக்காக அவர் மேஜையில்தான் கிடந்தது, சிரிக்காமல் எப்படி? புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன் போனவன்தான், அந்த உத்தரவை நம்பித்தான் அவள் இரண்டு பெண்களையும் படிக்கப் போட்டிருந்தாள். டிஸ்கில் இருந்த பட்டியலின் எழுத்துகள் முதலில் கொக்கியும் கோடுமாகத் தெரிந்தன. வீட்டு பீரோவில் புடவைகளுக்கு நடுவில் அவள் பத்திரப்படுத்தியிருந்த பழைய எழுத்துரு பிளாப்பியை எடுத்துக்கொண்டு போய், பிளாப்பி படிக்கிற மெஷின் இன்னும் வைத்திருந்த போட்டோ ஸ்டுடியோக்காரரைக் கெஞ்சி, அதை மாற்றி வாங்கி வந்து போட்டாள். கொக்கிகள் நிமிர்ந்து தமிழாயின. செவ்வாய்க்கிழமை பத்தேகாலுக்கு டிஸ்க் அப்படித் தமிழில் ஓடத் தொடங்கிய நேரத்தில்தான் தெருவும் வந்தது.

வந்த தெருவில் எல்லாம் வந்துவிடவில்லை. கணக்கெடுப்புப் படிவத்தில் எதற்கெல்லாம் கட்டம் போட்டிருந்தார்களோ அது மட்டும் வந்தது. கதவு எண்ணுக்குக் கட்டம் இருந்தது, குடும்பத் தலைவர் பெயருக்கு இருந்தது, அறை, கூரை, மின் இணைப்பு, ஆடு மாடு, நபர்கள், எல்லாவற்றுக்கும் இருந்தது. மரத்துக்குக் கட்டம் இல்லை, ஆகையால் தெருமுனையில் நின்ற முருங்கை வரவில்லை. கோயிலுக்கு வேறு படிவம், ஆகையால் மாரியம்மன் வரவில்லை. நிழலும் சாமியும் இல்லாமல் தெரு வெயிலில் கிடந்தது. நபர்களுக்கு எண்ணிக்கை மட்டும்தான் கேட்டிருந்தார்கள், அதனால் செத்தவர் யாரும் திரும்பவில்லை, ஆனால் ஐந்து என்று எழுதிய வீட்டில் ஐந்து பாய் சுருட்டி வைத்திருந்தது. அந்த ஐந்தில் மூன்று பாய் யாருடையவை என்று விரித்துப் பார்க்காமலே தெரிந்த பெண்கள் வாசலில் உட்கார்ந்து அழுதுவிட்டு, அழுது முடிந்ததும் எழுந்து கூட்டிப் பெருக்கினார்கள்.

ஊருக்கு இதெல்லாம் பழக ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஆபீஸ் திறந்து டிஸ்க் ஓடினால் தெரு வரும், சாயந்திரம் ஐந்தே முக்காலுக்கு மெஷினை நிறுத்தினால் போய்விடும், ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறையும் கிடையாது என்பது தெளிவானதும், அதற்குத் தகுந்த மாதிரி எல்லாரும் நடக்க ஆரம்பித்தார்கள். காலையில் ஊரின் நாலா மூலையிலிருந்தும் சாவிக்கொத்தோடு வந்து வீட்டைத் திறந்தார்கள், ஐந்தரைக்கு வாட்ச்மேன் விசில் ஊதியதும் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள். ஒலிபெருக்கியில், "திருச்சுழி செல்லும் பேருந்து ஓடைத் தெரு பன்னிரண்டாம் எண் வீட்டு வாசலில் நிற்கிறது" என்றார்கள். ஒரு கல்யாணப் பத்திரிகையில் மணமகள் இல்லம் என்று அந்த விலாசத்தைப் போட்டு, கீழே "வேலை நாட்களில் மட்டும்" என்று அச்சடித்தார்கள். தெரு எங்கள் ஆட்சியில் வந்தது என்று ஒரு கட்சி சுவரெழுத, அது பதிவானது எங்கள் ஆட்சியில் என்று மறு கட்சி பக்கத்துச் சுவரில் எழுதியது. இரண்டும் சாயந்திரம் சுவரோடு போய்விடும் என்பதால் தினமும் காலையில் திரும்ப எழுதினார்கள். டிஸ்கை அப்படியே புது மெஷினுக்கு நகலெடுத்துப் பார்த்தார்கள். எழுத்து வந்தது, தெரு வரவில்லை. பழைய இரும்பு சுழன்றால்தான் உண்டு.

பிறகு ஆட்கள் தமயந்தியின் மேஜையைத் தேடி வர ஆரம்பித்தார்கள். "அக்கா, எங்க வீட்டுக்கு கூரைன்னு இருக்கறத ஓடுன்னு மாத்திவிடுங்க" என்று ஒருவர். "ரெண்டு எருமை சேத்துப் போடும்மா, உனக்குத்தான் தயிர்" என்று ஒருவர். விஷயம் மேனேஜர் காதுக்குப் போயிற்று. கோர்ட்டுக்குப் போகிற ஆதாரம், ஒரு புள்ளியைத் தொட்டாலும் தொட்டவர் வேலை போகும் என்று எழுதி மெஷின் மேல் ஒட்டினார்.

நாற்பத்து மூன்று எண்ணில் நாற்பத்திரண்டு வீடு வந்தது. பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவில், கூட்டிவிட்ட மாதிரி சுத்தமாக, நாலு மூலைக் கல்லோடு வெறும் மண் தெரிந்தது. அங்கே செருப்பு தைக்கிற காளி தினமும் வந்து நின்றார். அறுபத்தைந்து வயசிருக்கும். அரிசி மில் தாழ்வாரத்தில் படுக்கை. பதினைந்து வருஷமாக வாரம் தவறாமல் திங்கட்கிழமை மனுநாளில், எழுதப் படிக்கத் தெரியாததால் யார் கையிலாவது எழுதி வாங்கிய மனுவோடு நகராட்சிக்கு வருகிறவர். பட்டியலில் பெயர் இல்லை என்று இடிக்க வந்த அன்றைக்கே சொல்லியாயிற்று, மற்றவர்களுக்காவது சாமான் எடுக்க ஒரு நாள் கொடுத்தார்கள், காலி வீட்டில் அத்துமீறிக் குடியேறியவர் என்று இவரை மட்டும் முதல் ஆளாக வெளியே தள்ளினார்கள். இப்போது தெருவே திரும்பி வந்தும் அவர் வீடு வரவில்லை. "அவருக்கு ராசி இல்ல" என்றார்கள் சிலர். "அப்ப இருந்த கவுன்சிலருக்கு ஓட்டுப் போடலைல, அதான்" என்றார்கள் சிலர். காளி யாரிடமும் எதுவும் கேட்காமல், மண்ணில் வீடு இருந்த அளவைக் கால் வைத்து அளந்துகொண்டு நின்றார்.

காரணம் தெரிந்த ஒரே ஆள் தமயந்தி. பட்டியல் திறந்த அன்றைக்கே பதினேழாம் வரியில் அவள் கண் நிலைகுத்திவிட்டது. கதவு எண்: 17. குடும்பத் தலைவர்: காலி. அதற்குப் பிறகு எல்லாக் கட்டமும் வெறுமை.

அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயசு, வேலையில் சேர்ந்து மூன்றாம் நாள். பில் கலெக்டர் குருசாமி தெருத்தெருவாகப் போய் எழுதி வந்த தாளை வெற்றிலை குதப்பிக்கொண்டே படித்தார், அவள் அடித்தாள். "பதினாறு, மாடசாமி. ஓடு, ரெண்டு ரூம்பு, ஆளு அஞ்சு. பதினேழு, காலி." அவர் காளி என்றார். வெற்றிலையும் எச்சிலுமாக வந்த அந்தப் பெயர் அவள் காதில் காலி என்று விழுந்தது. காலி வீட்டுக்கு அறை ஏது, ஆள் ஏது என்று மிச்சத்தைக் காதில் வாங்காமல் அடுத்த வரிக்குப் போய்விட்டாள். ஒரு எழுத்துதான். டைப் கிளாஸில் முதல் நாள் முதல் பாடமே ய ள ன க. ள எப்போதும் இடது கை மோதிர விரலுக்கு அடியிலேயே கிடக்கிற எழுத்து. மேல் வரிசைக்குக் கையை எட்டிப்போய் ல அடித்திருக்கிறாள். விரல் வழுக்கியிருந்தால்கூட மன்னிக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது, இது தேடிப் போய்ச் செய்த தப்பு. குருசாமி செத்துப் பத்து வருஷமாகிறது, தாள் கரையான் வயிற்றில், சாட்சி என்று உலகத்தில் அவள் ஒருத்திதான் மிச்சம்.

வியாழக்கிழமை மேனேஜர் ரொம்பச் சந்தோஷமாக இருந்தார்.

"நாளைக்குக் கோர்ட்லேருந்து ஒரு வக்கீலம்மா தெருவப் பாக்க வர்றாங்க. நம்ம பதில் ரெடி. வீடு கண்ணு முன்னாடி நிக்குது, சாவி அவனவன் இடுப்புல இருக்கு. வீடு இருக்கறவனுக்கு எதுக்கு மாத்து இடம்?"

"சாயந்திரம் போயிடுதே சார்?" என்றாள் தமயந்தி.

"காலைல வந்துடுதுல்ல? நாம கூடத்தான் சாயந்திரம் ஆபீஸ விட்டுப் போறோம், அதுக்காக ஆபீஸ் இல்லேன்னு ஆயிடுமா?" அவர் சிரித்து முடித்து, பேச்சோடு பேச்சாகச் சொன்னார். "உண்மையில இடம் கெடைக்கணும்னா அந்தப் பதினேழாம் நம்பர் கெழவருக்குத்தான் கெடைக்கணும். வீடு வரல பாரு. ஆனா அவருக்குப் பேரும் இல்ல. பேரு மட்டும் இருந்துச்சுன்னா, நாப்பத்து மூணு பேர்ல அவர் ஒருத்தருக்கு ஒன்றரை சென்ட் கொடுத்துத்தான் ஆகணும்."

தமயந்தி தன் மேஜைக்கு வந்து ஒரு வெள்ளைத் தாளில் எழுதினாள். 'பதினேழாம் எண் வீட்டில் குடியிருந்தவர் பெயர் காளி. அதை காலி என்று தவறாகத் தட்டச்சு செய்தவள் நான்.' இரண்டே வரி. கையெழுத்தும் போட்டாள். வக்கீலம்மா கையில் அதைக் கொடுத்துவிட்டால் காளிக்குப் பெயர் உண்டு, வீடு இல்லை, இடம் கிடைக்கும். அவள் வேலை போகும். பதினைந்து வருஷம் ஒரு மனுஷனைத் தாழ்வாரத்தில் படுக்கவைத்தவளை யார் நிரந்தரமாக்குவார்கள்? தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். கொடுக்கத்தான் வைத்தாள், பொய் சொல்வானேன், அன்றைக்கு ராத்திரி வரைக்கும் அவள் கொடுப்பதாகத்தான் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆபீஸ் திறந்ததும் காளி வந்து அவள் மேஜைக்கு முன்னால் நின்றார்.

"மனுநாள் திங்கக்கெழமைதானே பெரியவரே?"

"மனு இல்ல தாயி. நீதான் அந்தப் பெட்டிய ஓட்டுறேன்னு சொன்னாக." அவர் துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். "எனக்கு எடமெல்லாம் வேணாம். எடத்த வச்சுக்கிட்டு நான் என்ன செய்யப்போறேன், யாருக்கு விட்டுட்டுப் போகப்போறேன்? எல்லாருக்கும் வந்த மாதிரி எனக்கும் ஒருக்க வந்துட்டாப் போதும். கதவத் தொறந்து உள்ள போயிட்டு வந்துருவேன்."

அன்றைக்கு வக்கீலம்மா வந்தால் தனக்கு என்ன கிடைக்கக்கூடும் என்று அவருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பேச்சு அவளுக்கு எவ்வளவு இதமாக இருந்தது! அவரே வேண்டாம் என்கிறார், கேட்டதைத்தானே கொடுக்கப்போகிறோம், இதில் பாவம் எங்கே வந்தது என்று ஒரு குரல் உள்ளே ஆரம்பித்து, காளி படி இறங்குவதற்குள் அவளைச் சம்மதிக்கவைத்துவிட்டது. மேனேஜர் டீ குடிக்கப் போயிருந்தார். தமயந்தி பதினேழாம் வரிக்குப் போனாள். ல வை அழித்தாள். இடது கை மோதிர விரல் இருந்த இடத்தை விட்டு அசையாமல் ள வை அடித்தது.

பஸ் ஸ்டாண்டில் பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் ஒரு கதவு வந்து நின்றது.

கதவு மட்டும்தான் வந்தது. நிலையும் கதவும், அதன் மேல் சுண்ணாம்பால் 17 என்று எண்ணும், கீழே காளி என்று பெயரும். அறைக்கான கட்டம் வெறுமை, ஆகையால் அறை இல்லை. கூரைக் கட்டம் வெறுமை, ஆகையால் கூரை இல்லை. நபர்கள் கட்டமும் வெறுமை, பாய் இல்லை. காளி ஓடி வந்து கதவைத் தொட்டுக் கும்பிட்டு, திறந்து, குனிந்து, வலது காலை எடுத்துவைத்து உள்ளே போய், அந்தப் பக்கத்து வெயிலில் நின்றார். தெருவே கூடி நின்று பார்த்தது. பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து, வீட்டுக்குள் வருகிற மாதிரியே கதவு வழியாக வந்து கொடுத்தாள்.

பன்னிரண்டு மணிக்கு வக்கீலம்மா குடையோடு வந்தார். அவர் கையில் இருந்த தாளில் இரண்டே கேள்வி: பெயர் உண்டா, வீடு உண்டா. பதினேழுக்கு வந்ததும் கொஞ்சம் யோசித்தார். கதவைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார்.

"என்ன மேடம் யோசனை?" என்றார் மேனேஜர். "எண் இருக்கு, பேர் இருக்கு, கதவு தொறந்து மூடுது. கட்டடம் கொஞ்சம் பராமரிப்பு இல்லாம இருக்கு, அவ்வளவுதான்."

வக்கீலம்மா இரண்டு கேள்விக்கும் 'உண்டு' என்று எழுதினார். நாற்பத்து மூன்று பேருக்கும் வீடு இருப்பதால் மாற்று இடம் யாருக்கும் தேவையில்லை என்று கடைசி வரியை எழுதி, எல்லாரிடமும் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினார். மற்ற நாற்பத்திரண்டு பேரும் சத்தம் போட்டார்கள். சத்தம் போட்டுக் களைத்து, வெயில் தாங்காமல், அவரவர் வீட்டுக்குள் போய் உட்கார்ந்தார்கள். காளி சத்தம் போடவில்லை. எல்லாருக்கும் முன்னால் சந்தோஷமாகக் கட்டை விரலை நீட்டியவர் அவர்தான்.

மூன்று மணிக்குத் தமயந்தியின் உத்தரவு கையெழுத்தாகி வந்தது. பதினேழாம் வரியை மேனேஜர் கவனித்தாரா என்று அவளுக்குத் தெரியவில்லை, கவனித்திருந்தாலும் அது அவருக்குத் தோதாகத்தான் முடிந்திருந்தது. ஆபீஸில் பால்கோவா வாங்கிக் கொடுத்தார்கள். அவள் தன் பங்கைக் காகிதத்தில் மடித்து மேஜையில் வைத்தாள். ஒரு கூரையாவது போட்டுக் கொடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு, ஒரு துண்டுத் தாளும் பேனாவுமாகப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

காளி கதவுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து வந்து கதவைத் திறந்து, "வா தாயி, உள்ள வா" என்றார். அவள் உள்ளே போனாள்.

"உங்க வீடு எப்படி இருந்துச்சு பெரியவரே? எத்தனை ரூம்?"

"ஒரு ரூம்புதான். பனையோலை. இந்தா இங்கிட்டு அடுப்பு," என்று வெயிலில் கை காட்டினார்.

"ஆளு?"

"ரெண்டு பேரு. நானும் சடைச்சியும். அவ போயிச் சேந்து ஏழு வருசமாச்சு." பிறகு கேட்டார், "எதுக்குத் தாயி இதெல்லாம் இப்பக் கேக்குற?"

தாளில் ஒன்று என்றும் ஓலை என்றும் இரண்டு என்றும் எழுதியிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே, மேனேஜரிடமும் வக்கீலம்மாவிடமும் சொல்லாததை அவரிடம் சொல்லிவிட்டாள். "காளின்னு அவர் படிச்சத நான் காலின்னு அடிச்சிட்டேன். அன்னிக்கு டைப் அடிச்சது நான்தான். வேற யார் தப்பும் இல்ல."

எழுத்தறியாத மனுஷர். காலி என்று ஒரு தடவையும் காளி என்று ஒரு தடவையும் அவர் சொல்லிப் பார்த்தார். அவர் வாயில் இரண்டும் ஒன்றாகத்தான் வந்தது.

"அப்பக் கணக்கெடுக்க வந்தவருகிட்ட எம் பேரச் சொல்லியிருக்காக?"

"சொல்லியிருக்காங்க. சொல்லலேன்னா அவர் எப்படி எழுதியிருப்பார்? அவர் எழுதினதத்தான் படிச்சார்."

"நான் அன்னைக்குச் சந்தைக்குப் போயிட்டேன். அவதான் வீட்ல இருந்தா." காளி சடைச்சியைத் தேடுகிற மாதிரி இல்லாத அடுப்பங்கரைப் பக்கம் திரும்பினார். "புருசன் பேரச் சொல்ற பழக்கம் அவளுக்குக் கெடையாது. கடையில கேட்டாக்கூடச் சொல்லமாட்டா, பக்கத்து வீட்டுப் பிள்ளைய விட்டுச் சொல்லச் சொல்லுவா. பட்டியல்ல பேரு இல்லேன்னு இடிக்க வந்தவுக சொன்னதும், வெக்கப்பட்டுக்கிட்டு வாயத் தொறக்காம நின்னுருப்பேன்னு சொல்லி, தெருவே பாக்க அவள அடிச்சேன் தாயி. அதுக்கப்புறமும் அடிச்சேன். மழையில நனஞ்சா அடிச்சேன், மில்லுல வெரட்டி விட்டா அடிச்சேன். சொன்னேன் சொன்னேன்னு சாகுறவரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தா. முத முதலா அன்னைக்கு எம் பேர வாயெடுத்துச் சொல்லியிருக்கா, நான் நம்பவே இல்ல."

தமயந்தி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கை காட்டினார், வெளியே போ என்று. அவள் கதவு வழியாக வெளியே வந்தாள். பின்னால் கதவு மூடிற்று, தாழ்ப்பாள் விழுந்தது.

சுற்றிக்கொண்டு போனால் நாலு எட்டுதான், தடுக்க ஒரு சுவர் கிடையாது. கதவுக்கு இரண்டு பக்கமும் மண் தரையும் அவர் முதுகும் நன்றாகத் தெரிந்தன. தமயந்தி சுற்றிக்கொண்டு போகவில்லை. வாசலில் நின்று, "பெரியவரே, பெரியவரே" என்று தட்டினாள். அவர் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார், திறக்கவில்லை.